மெய்யும் கடனும்: மனிதத் தோற்புற்று உயிரணுக்களை வளர்த்துக் காப்பதில் எழும் அறவினா

முன்னுரை

தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உடம்பையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். ஐம்பொறிகளுள் தொடுவுணர்வுக்குரிய பொறியும் மெய் என்றே வழங்கப்பெறுவதால் தோலும் அச்சொல்லுள் அடங்கும். ‘கடன்’ என்னும் சொல் திருப்பிச் செலுத்த வேண்டியதையும் செய்தே தீர வேண்டிய கடமையையும் குறிக்கும். இவ்விரு சொற்களின் பொருட்பரப்பு, இன்றைய உயிரியல் ஆய்வகங்களில் எழுந்துள்ள ஓர் அறவினாவை ஆராய்வதற்குத் துணைபுரிகிறது.

ஒரு நோயாளியின் தோலில் தோன்றிய புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், அவர் உடம்புக்கு வெளியே, அவர் வாழ்நாளையும் கடந்து வளர்க்கப்படுகின்றன, உறைநிலையில் காக்கப்படுகின்றன, உலகெங்கும் விலைக்கு அனுப்பப்படுகின்றன. அவற்றால் மருத்துவம் பெரும்பயன் அடைந்துள்ளது. ஆயின் அவற்றைத் தந்தவர் தாம் தந்ததை அறிந்திருந்தாரா என்பது பல நேர்வுகளில் தெளிவாக இல்லை. அறியாமல் தரப்பட்டது கொடையாகுமா? அது கொடை அன்று எனின், அதனைப் பயன்கொள்வோர் அத்தந்தவர்க்குச் செய்யக் கடவது யாது? இவ்வினாக்களை மெலனோமா எனப்படும் தோற்புற்றின் உயிரணுத் தொடர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

உயிரணுத் தொடர்: வளர்ப்பும் வைப்பும்

உடம்பிலிருந்து பிரித்தெடுத்து, ஊட்டநீர்மத்தில் இட்டு, மீண்டும் மீண்டும் பெருகச் செய்யப்படும் உயிரணுக்களின் வழிவழிப் பெருக்கமே உயிரணுத் தொடர் எனப்படும். இயல்பான மனித உயிரணுக்கள் இவ்வாறு எல்லையின்றிப் பெருகுவதில்லை. லியோனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் ஆகியோர் 1961-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இயல்பான உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுவதைக் காட்டியது. புற்றுநோய் உயிரணுக்களுள் சில இவ்வெல்லையைக் கடந்தவை. சித்தர் மரபு காயசித்தியைப் பெரும்பேறாகக் கருதியது. உடம்பு அழியாதிருக்க வேண்டும் என்னும் அவ்வேட்கை ஆய்வகத்தில் ஒருவகையில் நிறைவேறியிருப்பினும், அழியாமை வாய்த்தது நோய்க்கேயன்றி நோயுற்றவர்க்கு அன்று என்பது நோக்கத்தக்கது.

இவ்வகைத் தொடர்களுள் ஒன்று ‘ஏ375’ எனப் பெயர் பெற்றது. 1973-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, பல்வேறு மனிதக் கட்டிகளிலிருந்து உருவாக்கிய தொடர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வுரையில் இதுவும் இடம்பெற்றது. வைப்பகக் குறிப்புகள் இதன் மூலத்தை 54 வயதுப் பெண் ஒருவரின் மெலனோமா என்று அறிமுகப்படுத்துகின்றன. அதே குழுவால் உருவாக்கப்பட்ட ‘ஏ431’ என்னும் தொடர், 85 வயதுப் பெண் ஒருவரின் மேற்றோல் வகைப் புற்றிலிருந்து பெறப்பட்டது.

இவ்வுயிரணுக்களைப் பேணும் முறை பொறுமையையும் இடையறாக் கவனத்தையும் வேண்டுவது. குடுவையின் அடித்தளத்தில் ஒட்டி வளரும் இவற்றுக்கு 37 பாகை செல்சியஸ் வெப்பமும், 5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றும், உப்புகளும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அடங்கிய நீர்மமும் தேவை. அந்நீர்மத்துடன் பொதுவாகப் பத்து விழுக்காடு அளவில் பசுவின் கருக்கன்றுக் குருதித் தெளிநீர் சேர்க்கப்படுகிறது. குடுவையின் தளம் நிறையும் நிலையில், டிரிப்சின் என்னும் நொதியால் உயிரணுக்களைப் பெயர்த்தெடுத்து, ஒரு பகுதியைப் புதிய குடுவைக்கு மாற்றுவர். இம்மாற்றம் ஒவ்வொன்றும் எண்ணிட்டுக் குறிக்கப்படும்.

நெடுங்காலம் காப்பதற்கு உறைவித்தல் வேண்டும். வெறுமனே உறையச் செய்தால் உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகி உயிரணுவைச் சிதைத்துவிடும். 1949-இல் கிளிசராலும் 1959-இல் டைமெத்தில் சல்ஃபாக்சைடும் இச்சிதைவைத் தடுக்க வல்லன எனக் கண்டறியப்பட்டன. இன்று இவ்வேதிப்பொருள் கலந்த நீர்மத்தில், ஒரு மில்லிலிட்டர்ச் சிமிழில் ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிரணுக்களை இட்டு, நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் மெல்லக் குளிர்வித்து, இறுதியில் கழி 196 பாகையிலுள்ள நீர்ம நைட்ரசனில் வைக்கின்றனர். உறைவித்தல் மெதுவாகவும் உருக்குதல் விரைவாகவும் நிகழ வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. திருக்குறளின் நிலையாமை அதிகாரம் சாவைத் துயிலுடனும் பிறப்பை விழிப்புடனும் ஒப்பிடும். அவ்வதிகாரம் உலகியலை உணர்த்தக் கையாண்ட உவமை, இச்சிமிழ்களைப் பொறுத்தவரை அன்றாட நடைமுறையாகிவிட்டது. எனினும் இத்துயிலும் தானாக நிலைப்பதன்று. நைட்ரசன் ஓயாது ஆவியாகிக்கொண்டே இருக்கும். கலத்தை நிரப்பும் ஒருவர் மறந்துவிட்டால் பல்லாண்டுச் சேமிப்பு சில நாட்களில் அழியும். காத்தல் என்பது இங்கு ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று; நாள்தோறும் ஆற்ற வேண்டிய பொறுப்பாகும்.

பயனின் பெருமை

அறவினாவை எழுப்புமுன் பயனை ஒப்புக்கொள்வது நேர்மையாகும். ஏ431 உயிரணுக்களின் மேற்பரப்பில், வளர்ச்சிக் காரணி ஒன்றை ஏற்கும் புரதம் மிகுந்த அளவில் உள்ளது. அப்புரதத்தைப் பிரித்தறியும் ஆய்வுகளுக்கு இத்தொடர் பெரிதும் உதவியது. அவ்வாய்வுகளில் ஈடுபட்ட ஸ்டான்லி கோஹன், வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்தமைக்காக 1986-ஆம் ஆண்டு நோபெல் பரிசினை ரீட்டா லெவி-மோண்டால்சினியுடன் பகிர்ந்துகொண்டார். 2002-ஆம் ஆண்டு, மெலனோமாக்களுள் பெரும்பகுதியில் ‘பிராஃப்’ என்னும் மரபணு மாற்றமடைந்திருப்பது கண்டறியப்பட்டது. ஏ375 தொடரும் அம்மாற்றத்தை உடையது. அம்மாற்றமடைந்த புரதத்தைத் தடுக்கும் மருந்துகளின் செயலைச் சோதிக்கும் ஆய்வுகளில் இத்தொடர் மீண்டும் மீண்டும் பயன்பட்டது. அவ்வகை மருந்துகளுள் முதலாவதான வெமுராஃபெனிப் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடம்பெங்கும் பரவிய மெலனோமாவுக்கு அதுகாறும் மருந்துகளால் விளைந்த பயன் மிகக் குறைவு என்பதை எண்ணுங்கால், இதன் பெருமை விளங்கும்.

இப்பயன் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதன்று. இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் நாட்டின் ஆய்வகங்களுக்கு உயிரணுத் தொடர்களை வழங்கும் வைப்பகமாகச் செயற்பட்டு வருகிறது. எனவே, இவ்வினா அமெரிக்க மருத்துவமனைகளில் தோன்றியதாயினும், இத்தொடர்களைக் கையாளும் ஒவ்வொரு நாட்டுக்கும் உரியதாகிறது.

பெயர்த்தெழுதுதலும் பெயர்த்து வளர்த்தலும்

உயிரணுத் தொடரின் இயல்பைத் தமிழறிஞர்க்கு விளக்க, ஏட்டுச் சுவடி மரபு பொருத்தமான ஒப்புமையாகிறது. ஓலை நெடுநாள் நில்லாது. ஆதலின் நூல் நிலைபெற வேண்டுமெனின் அது பெயர்த்தெழுதப்பட வேண்டும். பெயர்த்தெழுதுந்தோறும் பிழை நுழைய வாய்ப்புண்டு. படி பெருகப் பெருகப் பாட வேறுபாடும் பெருகும். ஆதலின் பதிப்பாசிரியர் இயன்றவரை பழைய ஏட்டைத் தேடிச் செல்வர். 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தொகுத்து ஒப்புநோக்கிய உழைப்பு இத்துறையில் அறியப்பட்டதே.

உயிரணுக்களும் குடுவை மாற்றுந்தோறும் சிறிது சிறிதாக வேறுபடுகின்றன. நூறு முறை மாற்றப்பட்ட ஏ375, முதலில் வளர்க்கப்பட்ட ஏ375 போன்றே இயங்கும் என்று கூறவியலாது. ஆகவேதான் ஆய்வகங்கள் மாற்ற எண்ணைக் குறித்துவைப்பதோடு, தொடக்கநிலை உயிரணுக்களை உறைவித்துக் காத்து, தேவையானபோது அவற்றுக்கே திரும்பிச் செல்கின்றன. உறைகலத்திலுள்ள முதற்படி, பதிப்பாசிரியர் தேடும் பழைய ஏட்டினை ஒத்தது.

சுவடி மரபில் பாட வேறுபாட்டினும் பெருங்கேடு ஒன்று உண்டு. ஒரு கட்டிலுள்ள ஏடு மற்றொரு கட்டில் புகுந்துவிடுதலும், ஒருவர் பாட்டு மற்றொருவர் பெயரில் வழங்குதலும் அக்கேடாகும். ஒளவையார் என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் ஒருங்கே வந்து சேர்ந்தமையால் இலக்கிய வரலாற்றில் விளைந்த குழப்பம் அறிஞர் அறிந்ததே. உயிரணு ஆய்விலும் இக்கேடு நிகழ்ந்துள்ளது.

மெய்யின் பெயர் பொய்யாதல்

‘எம்டிஏ-எம்பி-435’ என்னும் தொடர் 1976-இல் மார்பகப் புற்றுநோயுற்ற 31 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து பெறப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டது. மார்பகப் புற்று எவ்வாறு பிற உறுப்புகளுக்குப் பரவுகிறது என்பதை ஆராய அது பல்லாண்டுகள் பயன்படுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்ட ஆய்வொன்று, இத்தொடர் மார்பகப் புற்றினும் மெலனோமாவையே ஒத்திருப்பதைச் சுட்டியது. 2007-இல் வெளிவந்த ஆய்வு, இது ‘எம்14’ என்னும் மெலனோமாத் தொடரினின்று வந்ததே என்று காட்டியது. எம்14 தொடரின் மூலம் ஓர் ஆண் எனப் பதிவுகள் கூறுகின்றன. எங்கோ ஓர் ஆய்வகத்தில், என்றோ ஒரு நாள், ஒரு குடுவை உயிரணு மற்றொரு குடுவைக்குள் புகுந்திருக்க வேண்டும். தோற்புற்று மார்பகப் புற்றின் பெயரைத் தாங்கி நூற்றுக்கணக்கான ஆய்வுரைகளில் இடம்பெற்றது.

இது தொழில்நுட்பப் பிழை மட்டுமன்று, அறப்பிழையுமாகும். அப்பெண்ணின் உயிரணுக்கள் அவர் பெயரிலான குடுவையில் இல்லை. அவர் உடம்பினின்று பெற்ற பொருள் எவ்வகையிலோ அழிந்தது. அவரது பதிவு மட்டும் எஞ்சி, வேறொருவரின் நோய்க்கு முகவரியாயிற்று. மறுபுறம், அம்மனிதரின் உயிரணுக்கள் அவருக்குரியதல்லாத நோயின் சான்றாக நின்றன. மெய்யைப் பற்றிய மெய் தவறியபோது இருவருக்கும் இழைக்கப்பட்ட தீங்கு அது. அதனை நம்பி ஆய்வு செய்தோரின் உழைப்பும், அவ்வாய்வின் பயனை எதிர்நோக்கிய நோயாளிகளின் நம்பிக்கையும் உடன் சேதமுற்றன. இத்தகைய கலப்பு புதிதன்று. ஹீலா உயிரணுக்கள் பல தொடர்களில் கலந்திருப்பதை ஸ்டான்லி கார்ட்லர் 1966-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆயினும் எச்சரிக்கை நெடுங்காலம் போதிய செவிசாய்ப்பைப் பெறவில்லை. இன்று மரபணுத் தடயத்தை ஒப்பிட்டு ஒரு தொடர் இன்னாருடையது என உறுதிசெய்யும் முறை உள்ளது. அதன் செலவும் உழைப்பும் பெரியன அல்ல. அறிவதற்கு வழியிருந்தும் அறியாதிருத்தல் பிழையாகவே கொள்ளப்படும்.

உடைமை என்னும் விடை

தந்தவர்க்குரிய உரிமை யாது என்னும் வினாவுக்குச் சட்டம் உடைமை என்னும் கருத்தின் வழி விடை தேடியது. ஜான் மூர் என்பவரின் மண்ணீரல் 1976-இல் புற்றுநோய் மருத்துவத்தின் பகுதியாகக் கலிஃபோர்னியாவில் அகற்றப்பட்டது. அதன் உயிரணுக்களிலிருந்து உருவாக்கிய தொடருக்கு 1984-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. உடம்பினின்று அகற்றப்பட்ட உயிரணுக்கள்மீது அவர்க்குச் சொத்துரிமை இல்லை என்றும், மருத்துவர் தம் ஆய்வு நோக்கத்தையும் பொருளாதார நலனையும் நோயாளிக்கு வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. உரிமையை மறுத்து, அறிவித்தலை வலியுறுத்திய இத்தீர்ப்பு அறநோக்கில் பொருள் பொதிந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டுதல்கள் வேறொரு நோக்கை முன்வைக்கின்றன. ஆய்வுக்குப் பெறப்படும் உயிரியற் பொருள்கள் பங்கேற்பவர்க்கே உரியவை. வைப்பகமும் ஆய்வாளரும் அவற்றைக் காப்போரே என்பது அதன் சாரம். காப்பாளர் என்னும் இச்சொல் உடைமையைவிடப் பொருத்தமானது. எனினும் இதற்கும் எல்லை உண்டு. அடையாளம் முற்றிலும் நீக்கப்பட்டு, பல நாடுகளுக்குப் பரவிவிட்ட உயிரணுக்களை எவரும் திரும்பப் பெறவியலாது. அரைநூற்றாண்டுக்கு முன் பெறப்பட்ட ஏ375 போன்ற தொடர்களுக்கு இவ்வுரிமை பெயரளவிலும் பொருந்தாது. சட்டம் வருங்காலத்தைத் திருத்தலாம். நடந்துவிட்டதற்கு அதனிடம் விடை குறைவு.

கொடை என்னும் விடை

உடைமையன்று எனின், கொடை என்று கொள்ளலாமா? ஆய்வகங்களில் உயிரணுவின் மூலத்தைக் ‘கொடையாளி’ என்றே குறிப்பது வழக்கம். இவ்வழக்கு இனிய சொல்லாயினும் ஆராயத்தக்கது.

இதற்குச் சார்பாக இரு வாதங்கள் கூறப்படுவதுண்டு. புற்றுக்கட்டி நோயாளி நீக்க விரும்பியதே. அதனை எடுத்ததால் அவர்க்கு இழப்பு ஏதும் இல்லை என்பது முதல் வாதம். அப்பொருள் உலகிற்குப் பயன்பட்டதாதலின் அது ஒப்புரவே என்பது இரண்டாம் வாதம். முதல் வாதம் இழப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்கிறது. கட்டியை வேண்டாமென்றவர், அதிலுள்ள தம் மரபுச் செய்தி உலகெங்கும் படிக்கப்படுவதையும் வேண்டாமென்றாரா வேண்டுமென்றாரா என்பதை எவரும் கேட்கவில்லை. மரபுச் செய்தி தனியொருவர்க்கு மட்டும் உரியதன்று. மக்களுக்கும் உடன்பிறந்தார்க்கும் அதில் பங்குண்டு. 2013-ஆம் ஆண்டு ஹீலா உயிரணுக்களின் முழு மரபுத்தொகுதி குடும்பத்தினர் அறியாமல் வெளியிடப்பட்டபோது இவ்வுண்மை வெளிப்பட்டது.

இரண்டாம் வாதமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருக்குறளில் பொதுநலக் கொடையைப் பேசும் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’ எனப் பெயர் பெற்றுள்ளது. அதில் ஊருணியும் பழமரமும் மருந்துமரமும் உவமைகளாக வருகின்றன. மரம் தான் தருவதை அறியாது; ஆயினும் அது எவ்வகை மனிதர்க்கு உவமையாகிறது என்பதே கருதத்தக்கது. செல்வமுடைய பேரறிவாளன் ஒருவனையே அவ்வுவமைகள் விளக்குகின்றன. உவமை அறியாப் பொருளாயினும் உவமேயம் அறிவுடையவன். அதிகாரப் பெயரிலேயே அறிதல் இடம்பெறுவதும் இதனோடு இயைகிறது. ஒருவரை அவர் அறியாமலே மருந்துமரமாக்கிவிட்டு, அவரை ஒப்புரவாளர் என்று போற்றுவது, உவமையை உவமேயமாகக் கொண்ட பிழையாகும். கொடை என்பது கொடுப்பவரின் செயல். எடுப்பவர் அதனை அவர் சார்பில் செய்துவிட இயலாது.

ஏ375 மூலமான பெண்மணியிடம் என்ன கூறப்பட்டது என்று இன்று தீர்ப்பளிப்பது முறையன்று. அத்தொடர் வெளியிடப்பட்டதற்கு மறு ஆண்டில்தான், 1974-இல், அமெரிக்காவில் மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளை நெறிப்படுத்தும் தேசிய ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றுள்ள வடிவில் இசைவு பெறும் வழக்கம் நிலைபெறாத காலம் அது. ஆய்வாளரைக் குற்றஞ்சாட்டுவதன்று இங்கு நோக்கம். கொடை என்னும் சொல்லை உறுதியாக வழங்க இயலாத நிலையை ஒப்புக்கொள்வதே நோக்கம்.

குருதித் தெளிநீரும் கொல்லாமையும்

தந்தவர் யார் எனக் கேட்குமிடத்து மற்றோர் உயிரையும் மறத்தலாகாது. வளர்ப்பு நீர்மத்தில் சேர்க்கப்படும் குருதித் தெளிநீர், சினைப்பசு இறைச்சிக்காகக் கொல்லப்படும்போது, அதன் கருவிலுள்ள கன்றின் இதயத்தினின்று எடுக்கப்படும் குருதியிலிருந்து பெறப்படுவது. மனித உயிரணு ஆய்வு விலங்குச் சோதனையைக் குறைக்கும் என்பர், அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயின் அம்மாற்றின் அடியிலும் ஒரு விலங்கின் குருதி உள்ளது.

இறைச்சித் தொழிலின் எச்சத்தையே ஆய்வகம் வாங்குகிறது. அதற்கென விலங்கு கொல்லப்படவில்லை என்பது இதற்கு விடையாகக் கூறப்படும். புலால் மறுத்தல் அதிகாரம் இதனையொத்த ஒரு விடையை முன்னரே எதிர்கொண்டுள்ளது. உண்பதற்காகக் கொள்வார் இல்லையாயின் விலைக்குத் தருவாரும் இல்லையாவர் என்பது அதன் வாதம். வாங்குபவர் கொலையினின்று முற்றிலும் விலகியவர் அல்லர் என்னும் அக்கருத்து, நல்ல விலை கொடுத்துத் தெளிநீர் பெறும் ஆய்வகத்திற்கும் பொருந்தும். விலங்குப் பொருளற்ற வளர்ப்பு நீர்மங்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. எல்லா உயிரணுக்களும் அவற்றில் நன்கு வளர்வதில்லை, செலவும் உண்டு. இயலுமிடத்து அவற்றுக்கு மாறுதலும், இயலாவிடத்து வீணாக்காதிருத்தலும் குறைந்தளவு அறமாகும்.

பெயர் இழந்தோரும் பெயர் மறைத்தோரும்

1951-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றால் உயிர்நீத்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் உயிரணுக்களே ஹீலா எனப்படுபவை. அவர் அறியாமல் அவை எடுக்கப்பட்டன. நெடுங்காலம் அவர் பெயர்கூடத் திரிந்து வழங்கியது. குடும்பத்தினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதனை அறியாதிருந்தனர். 2013-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் அக்குடும்பத்தினருடன் ஓர் உடன்பாடு செய்து, மரபுத்தொகுதித் தரவுகளைப் பயன்படுத்தும் விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் அவர்களுக்கும் இடமளித்தன. 2023-இல் அவ்வுயிரணுக்களால் வருவாய் ஈட்டிய நிறுவனம் ஒன்றுடன் தொடுத்த வழக்கு இணக்கமாக முடிந்தது. பெயர் தெரிந்தமையால்தான் இவை நிகழ்ந்தன.

ஏ375-இன் மூலமானவர்க்கு இவ்வாறு நிகழ வாய்ப்பில்லை. அவர் பெயர் வெளியிடப்படாமை அவர்க்குக் காப்பாகும். அக்காப்பை இன்று உடைக்க முயல்வது தீங்காகும். ஆனால் பெயரை மறைத்தல் வேறு, ஆளையே மறத்தல் வேறு. இவ்வேறுபாட்டைச் சங்க இலக்கியத் தொகுப்பு மரபு தெளிவாக உணர்த்துகிறது. குறுந்தொகையைத் தொகுத்தோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிட்டவில்லை. பெயரில்லை என்று அவ்விடத்தை வெறுமையாக அவர்கள் விடவில்லை. வெறும் எண்ணிட்டு நிறுத்தவுமில்லை. அப்பாடலிலுள்ள சிறந்ததொரு தொடரையே எடுத்து, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், மீனெறி தூண்டிலார் என்றும் பெயரிட்டனர். ‘ஆர்’ என்னும் உயர்வு ஈற்றையும் சேர்த்தனர். அறியப்படாதவரும் ஒருவரே, அவர்க்கும் மதிப்பு உரியதே என்பதை அவ்வீறு காட்டுகிறது. அவர் தந்த பொருளே அவர் பெயராயிற்று.

ஏ375 என்னும் குறியீட்டிலும் தந்த பொருளே பெயராகியுள்ளது. ஆயின் அதனைச் சொல்வோர் பெரும்பாலும் ஒருவரை எண்ணுவதில்லை, ஒரு சரக்கையே எண்ணுகின்றனர். மதிப்பின் ஈறு அதில் இல்லை. பெயரை வெளியிடாமலேயே அம்மதிப்பை மீட்க இயலும். ஆய்வகத்திற் புதிதாகச் சேரும் மாணவர்க்கு உயிரணுவை உருக்கக் கற்பிக்கும் அன்றே, இது ஒருகாலத்து ஒரு பெண்ணின் நோயாக இருந்தது என்று சொல்லிக்கொடுப்பது எளிது. செலவற்ற அச்சொல், கைகளின் கவனத்தை மாற்ற வல்லது.

கடன் என்னும் விடை

உடைமையும் கொடையும் முழுமையாகப் பொருந்தாதவிடத்துக் கடன் என்னும் கருத்து பொருந்தி நிற்கிறது. கொடை கொடுப்பவரை மையமாகக் கொண்டது. உடைமை வைத்திருப்பவரை மையமாகக் கொண்டது. கடனோ பெற்றவரின் நிலையிலிருந்து எழுவது. தந்தவர் அறிந்து தந்தாரா என்பது உறுதிப்படாவிடினும், பெற்றவர் பெற்றுள்ளார் என்பது உறுதி.

திருக்குறளில் அறிதல் என்னும் ஈறு பெற்ற மற்றோர் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். ஒப்புரவறிதல் தருவாரின் அறிதல்; செய்ந்நன்றியறிதல் பெற்றாரின் அறிதல். உதவியின் அளவு பொருளின் அளவால் அமைவதன்று, அதனைப் பெற்றவரின் பண்பால் அமைவது என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. முன்னையதில் தருவார் அறியாதிருந்த குறையை நீக்க இனி வழியில்லை. அக்குறையைப் பின்னையதில், பெற்றார் தம் அறிதலை மிகுவித்து ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

எனினும், இறந்தவர்க்கு எவ்வாறு கடனிறுப்பது என்னும் ஐயம் எழலாம். தமிழர் வாழ்வில் இது புதிய வினாவன்று. நீத்தார்க்குச் செய்வதும் ‘நீர்க்கடன்’ என்றே வழங்கப்படுகிறது. பெற்றவர் திரும்பிக் கேட்க இயலாத நிலையிலும் கடன் அழிவதில்லை என்பது அவ்வழக்கின் உட்பொருள். அங்குக் கடன் முன்னோர்க்கு உரியதாயினும் அதனைச் செய்வதால் இருப்போரின் ஒழுக்கமே நிலைபெறுகிறது. உயிரணுத் தொடரிலும் இவ்வாறே. அந்த 54 வயதுப் பெண்மணிக்கு இனி எதுவும் தர இயலாது. அவர் உயிரணுக்களைப் பொய்ப்பெயரின்றி, வீணாக்கமின்றிக் கையாள்வதும், அவர்க்குக் கிட்டாதிருந்திருக்கக்கூடிய விளக்கத்தையும் இசைவுரிமையையும் இன்று மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு அவர் மொழியில் முழுமையாகத் தருவதும் அவர்க்கான கடனிறுப்பாகும். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில், அறுவைக்கு முந்தைய அச்சத்தில், பொருள் புரியாமல் இடும் கையெழுத்து இசைவாகாது. இந்திய மொழிகளில் இசைவுப் படிவம் தெளிவான நடையில் அமைய வேண்டியது மொழித்துறையினரின் பொறுப்புமாகும். அவ்வகையில் இக்கடனில் தமிழறிஞர்க்கும் பங்குண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். தோற்புற்று உயிரணுத் தொடர்களால் விளைந்த மருத்துவப் பயன் பெரிது. அப்பயன் தந்தவரின் அறியாமையை அறமாக்கிவிடுவதில்லை. உடைமை என்னும் கருத்து இறந்தகால நேர்வுகளுக்கு விடை தருவதில்லை. கொடை என்னும் கருத்து தருவாரின் அறிதலை வேண்டுவதால், அறியாமற் பெற்றவற்றுக்குப் பொருந்துவதில்லை. பெற்றவர்மேல் நிற்கும் கடன் என்னும் கருத்தே ஏற்புடையது. அக்கடன் உயிரணுவின் மூலத்தைப் பிழையின்றி அறிதல், கவனத்துடன் காத்தல், விலங்கின் உயிரை வீணாக்காமை, பெயரறியாத் தந்தவரை மதிப்புடன் நினைத்தல், இன்றைய நோயாளிக்கு விளங்கச் சொல்லி இசைவு பெறுதல் என ஐவகையாக விரியும்.

நீர்ம நைட்ரசன் கலத்தினுள் வரிசையாக நிற்கும் சிமிழ்கள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. தொடரின் பெயர், மாற்ற எண், உறைவித்த நாள் ஆகியன அதில் இருக்கும். அச்சீட்டில் எழுதப்படுவது மெய்யாக இருத்தலே, உள்ளிருக்கும் மெய்க்குச் செய்யும் முதற்கடன்.